வாசல் மணி

பொத்தேரியில் கலாசாலைப் பிள்ளைகள் இறங்கியவுடன், செங்கற்பட்டு செல்லும் மின்சார ரயில் ஒரு பெருமூச்சு விடும். அதுவரையில் ஒற்றைக் காலில் தவம் செய்துகொண்டிருந்தவர்களுக்கு அப்போதுதான் இரண்டு கால்களையும் ஊன்ற இடம் கிடைக்கும். அப்பாடா என்று உட்காருவதற்குள் அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும். அதுதான் காட்டாங்குளத்தூர். பழைய காளத்தீசுவரர் கோவிலும் புதிய அடுக்கு மாடிகளும் ஒன்றையொன்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும் ஊர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் நாம் குடியேறியிருப்பது இங்கேதான்.

ஊருக்குச் சற்று ஒதுக்குப்புறமாக ஒரு சிறு கன்னியர் மடம் இருக்கிறது. ஐந்து சகோதரிகள், முன்புறம் மருந்து கொடுக்கும் அறை ஒன்று, பின்புறம் முருங்கையும் கறிவேப்பிலையும். மதிற்கதவில் ஒரு பித்தளை மணி தொங்குகிறது. கயிற்றை இழுத்தால் தெருக்கோடி வரையில் கேட்கும். மணி அடித்துச் சற்றைக்கெல்லாம் கதவைத் திறந்துகொண்டு ஓர் அம்மாள் எட்டிப் பார்ப்பாள். அறுபதுக்கு இரண்டு குறைந்த வயது. வலது முழங்காலில் வாதம். வந்தவர் யாராயிருந்தாலும் அவருக்காகவே காலையிலிருந்து காத்திருந்தவளைப் போன்ற முகம். அவள் நம்முடன் பிறந்த தங்கை.

முப்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு அவள் மடத்தில் சேரப்போவதாகச் சொன்னபோது வீட்டில் நடந்த ரகளையை இங்கே விவரிக்கப் போவதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பந்தான். ஞாயிறு பூசை தவறியதில்லை. ஆனால் பிறர் வீட்டுப் பெண் கன்னியாஸ்திரீ ஆனால் அது தேவ அழைப்பு; நம் வீட்டுப் பெண் ஆனால் அது பிடிவாதம்! முதன்முதலாக அவள் வெள்ளுடையுடன் வந்து நின்ற அன்று நமது தகப்பனார் திகைத்துப்போய், "வாங்கம்மா" என்று சொல்லிவிட்டார். பெற்ற மகளை நீ என்பதா, நீங்கள் என்பதா என்ற சந்தேகம் அவருக்குக் கடைசிவரை தீரவில்லை. நாம் மட்டும் நீ என்றே அழைத்து வந்தோம். அண்ணன் என்ற உரிமையை அவ்வளவு சுலபத்தில் விட்டுவிடுவதா?

அவள் நர்ஸுத் தொழில் பயின்றவள். தென் ஜில்லா ஒன்றில் அவளுடைய சபை நடத்திவந்த சிறு மருத்துவமனைக்கு அவளை அனுப்பினார்கள். பிற்பாடு அதன் நிர்வாகப் பொறுப்பும் அவளிடமே வந்தது. பதினெட்டு ஆண்டுகள் அதைப் பார்த்துக்கொண்டாள். இருபது படுக்கைகளாக இருந்தது நூறு படுக்கைகளாயிற்று. பிரசவத்துக்கு இருபது மைல் வண்டியில் போய்க்கொண்டிருந்த பெண்கள் உள்ளூரிலேயே பிள்ளை பெற்று வீடு திரும்பினார்கள். ரயில்வே கணக்கு இலாகாவில் முப்பத்து நான்கு வருஷம் தேய்ந்தவர்கள் நாம். லீவில் அங்கே போகும்போதெல்லாம், பொழுது போகாமல், அவளுடைய கணக்குப் புஸ்தகங்களைப் புரட்டுவது வழக்கம். குறை கண்டுபிடித்துக் கேலி செய்யவேண்டும் என்று மிகவும் ஆசைப்பட்டிருக்கிறோம். ஒரு வருஷமாவது அந்த ஆசை நிறைவேறியதில்லை.

நான்கு வருஷத்துக்கு முன்பு ஒருநாள் அவளுக்கு மூன்று வரியில் ஒரு கடிதம் வந்தது. பதினைந்து நாளில் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் காட்டாங்குளத்தூர் மடத்துக்குப் போகவேண்டும். காரணம் எழுதவில்லை. ஆனால் எழுதாத காரணம் எழுதிய வரிகளைக் காட்டிலும் வேகமாகப் பரவும் அல்லவா? புதுக் கட்டிடத்துக்கு வந்த பணத்தில் கணக்கு உதைக்கிறது என்று யாரோ யாரிடமோ சொல்லியிருக்கிறார்கள். யார் என்பது இன்றுவரை தெரியாது.

அவள் செய்தது இரண்டே காரியங்கள். வெளியார் ஒருவரைக்கொண்டு கணக்கு முழுவதையும் தணிக்கை செய்யவேண்டும் என்று எழுத்து மூலம் கேட்டுக்கொண்டாள். பிறகு, அறுவைக் கூடத்து மேஜை முதல் கடைசித் தெர்மாமீட்டர் வரையில் ஜாபிதா எழுதி, புதிதாக வந்த சகோதரியிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு, ஒரு தகரப்பெட்டியுடன் ரயில் ஏறினாள். இங்கே அவளுக்குக் கிடைத்த உத்தியோகங்கள்: வாசல் மணிக்கு எழுந்து போவது, மருந்தறையில் புண்ணுக்குக் கட்டுப் போடுவது, உக்கிராண அறைச் சாவியைப் பத்திரப்படுத்துவது.

நாம் கொதித்தோம். நூறு படுக்கை மருத்துவமனையை நடத்தியவளுக்குக் கதவு திறக்கும் வேலையா? "ரயில்வேயில் இப்படிச் செய்திருந்தால் யூனியன்காரர்கள் தண்டவாளத்தில் படுத்திருப்பார்கள்!" என்றோம்.

அவள் சிரித்தாள். "அண்ணா, கதவு திறக்கிறது அவ்வளவு கேவலமா? அல்போன்ஸ் ரொத்ரிகேஸ் என்று ஒருவர் இருந்தாரே, அவரைத் தெரியுமா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தாள்.

ஸ்பெயின் தேசத்து வர்த்தகர் அவர். மனைவியையும் பிள்ளைகளையும் பறிகொடுத்து, வியாபாரமும் நொடித்துப்போன பின் 1571-ல் சேசு சபையில் சேர்ந்தார். படிப்புப் போதாதென்று குருப்பட்டம் கொடுக்கவில்லை. மயோர்க்காத் தீவிலுள்ள கலாசாலையில் வாயிற்காப்போனாக வைத்தார்கள். 1617-ல் கண் மூடும்வரையில் அவருடைய வாழ்வெல்லாம் அந்தத் தீவிலேயே கழிந்தது. கதவு தட்டும் ஒலி கேட்டால், தட்டுவது ஆண்டவரே என்று எண்ணி, இதோ வந்துவிட்டேன் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே போவாராம். அந்தக் கலாசாலைக்கு வாசிக்க வந்த பேத்ரு கிளாவேர் என்ற வாலிபனைத் தென் அமெரிக்காவுக்குப் போ என்று தூண்டியவர் இவரே. அவ்வாலிபன் கார்த்தஹேனாத் துறைமுகத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலின் அடித்தட்டில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகளுக்குத் தன் ஆயுள் முழுவதையும் கொடுத்தான். 1888-ல் போப்பாண்டவர் பதின்மூன்றாம் சிங்கராயர் இருவரையும் ஒரே நாளில் அர்ச்சியசிஷ்டர்கள் வரிசையில் சேர்த்தார்.

கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நமக்குச் சமாதானம் ஏற்படவில்லை. அல்போன்ஸ் மீது யாரும் களவுப் பழி சுமத்தவில்லையே!

உள்ளபடி சொல்வதானால், பணிவு என்ற சொல்லிடத்தில் நமக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. இருநூறு ஆண்டுகள் அந்நியனுக்குக் குனிந்து குனிந்து முதுகு வளைந்துபோன தேசம் இது. குனிவதைப் புண்ணியம் என்று யாராவது சொன்னால் நம்மவர்கள் இரண்டு முறை யோசிக்கவேண்டியது அவசியம். மேலேயிருப்பவர்கள் கீழேயிருப்பவர்களுக்குப் பணிவைப் பற்றி உபதேசிக்கும்போது நான்கு முறை யோசிக்கவேண்டும். கட்டுப்பாடு வேண்டியதுதான். 1930-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ராஜாஜியின் பின்னால் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்த தொண்டர்களும் ஒரு தலைவரின் சொல்லுக்கு அடங்கித்தான் நடந்தார்கள். ஆனால் அவர்கள் அநியாயத்தை எதிர்க்கப் புறப்பட்டவர்கள்; விழுங்கிக்கொள்ளப் புறப்பட்டவர்கள் அல்லர். இந்த வித்தியாசத்தை நம் தங்கைக்கு எடுத்துக் காட்டுவதற்கு அவளுடைய ஆயுதத்தையே எடுத்துக்கொண்டோம். அர்ச்சியசிஷ்டர்கள் சரித்திரந்தானே வேண்டும்? நம்மிடம் மதுரைச் சரித்திரமே ஒன்று இருந்தது.

எலென் தெ ஷப்போத்தன் என்ற பிரெஞ்சு மாது, பாடுகளின் மரியம்மாள் என்னும் சந்நியாசப் பெயருடன் 1865-ல் மதுரைக்கு வந்தார்.  இரண்டே வருஷத்தில் அப்பகுதியிலிருந்த அவருடைய சபையின் மடங்களுக்கெல்லாம் தலைவியானார். பிறகு சபைக்குள் பிணக்கு மூண்டது. 1876-ல் அவரும் சகோதரிகளுமாக இருபது பேர் அந்தச் சபையை விட்டு விலகி, உதகமண்டலத்தில் தஞ்சம் புகுந்தார்கள். அவர் அத்துடன் சும்மா இருந்தாரா? அதே வருஷம் கப்பலேறி ரோமாபுரிக்குப் போனார். தம் கட்சியைச் சொன்னார். 1877 ஜனவரி 6-ஆம் தேதி ஒன்பதாம் பத்திநாதரிடம் புதுச் சபைக்கு உத்தரவு பெற்றார். சென்னையில் 1947-ல் ஸ்டெல்லா மாரிஸ் கலாசாலையை ஆரம்பித்தது அந்தச் சபைதான். (நம் தங்கை அந்தச் சபையைச் சேர்ந்தவள் அல்லள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம்.)

"பார்த்தாயா? புண்ணியவதிகளும் ரோமாபுரி வரையில் போய் நியாயம் கேட்டிருக்கிறார்கள். நீ ஒரு கடிதமாவது எழுதக்கூடாதா?" என்று வெற்றி முழக்கம் செய்தோம்.

"பாதிக் கதையில் நிறுத்திவிட்டீர்களே, அண்ணா. 1883-ல் என்ன நடந்தது?" என்று கேட்டாள்.

மீதிக் கதையை அவளே சொன்னாள். தாம் ஸ்தாபித்த அதே சபையின் தலைமையிலிருந்து 1883 மார்ச்சில் மரியம்மாளை நீக்கிவிட்டார்கள். அவரைக் குறித்துப் புகார்கள் போயிருந்தன. பதினாறு மாதம் பதவியற்றவராகக் கிடந்தார். ரோமாபுரியில் விசாரணை நடந்து, அவர்மேல் குற்றமில்லை என்று தெளிந்து, 1884 ஜூலையில் திரும்பவும் தலைவியானார். 1904-ல் அவர் காலமானபோது சபையில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சகோதரிகள் இருந்தார்கள். 2002-ல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார்கள்.

"1876-ல் அவர் போய் வாதாடியது இருபது பேருக்காக, அண்ணா. நடுத்தெருவில் நின்றவர்களுக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. 1883-ல் போனது அவருடைய பதவி மட்டுந்தான். என் விஷயத்தில் நான் கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டேன். கணக்கைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்குமேல் என் பேரை நான் சுமந்துகொண்டு திரிவானேன்?"

அவள் சுமக்காவிட்டால் நாம் சுமப்பது என்று முடிவு செய்தோம். கணக்கு இலாகாக்காரனுக்கு வைராக்கியம் வந்துவிட்டால் அது சாதாரணமாக இராது.

இதனிடையில் அவளுடைய மருந்தறையில் போய் உட்காருவதும் நமக்கு வழக்கமாயிற்று. இந்தப் பிரதேசத்துக்கும் குஷ்டரோகத்துக்கும் பழைய சம்பந்தம் உண்டு. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் ஸ்காத்லாந்து மிஷன்காரர்களின் ஆதரவில் லேடி வில்லிங்டன் குஷ்டரோக ஆசிரமம் இருந்தது. 1955-ல் இந்திய சர்க்கார் அதை ஏற்று மத்திய ஆராய்ச்சி நிலையமாக்கினர். டாக்டர் காக்ரேன் அங்கே இருந்தபோது, 1947-ல் வேலூரிலிருந்து வந்த பால் பிராண்ட் என்ற இளம் சர்ஜன் ஒரு ரோகியின் மடங்கிய கையைக் குலுக்கிப் பார்த்தார். கை இரும்புப் பிடியாகப் பிடித்தது. உணர்ச்சி செத்துப்போன கையில் பலம் சாகவில்லை என்று கண்டார். மடங்கிய விரல்களை நிமிர்த்தும் சஸ்திர சிகிச்சைகள் அதிலிருந்து பிறந்தன. இவர்களெல்லாம் கத்தோலிக்கர் அல்லர், அதனால் என்ன? சேவாக்கிராமத்தில் பர்ச்சுரே சாஸ்திரியின் உடம்பைத் தம் கையாலேயே தேய்த்துவிட்ட காந்தியடிகளுந்தான் கத்தோலிக்கர் அல்லர்.

இப்போது இந்த வியாதியை ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ கூட்டு மருந்தால் தீர்த்துவிடுகிறார்கள். ஆனால் பழைய நாளில் நரம்பு மரத்துப்போனவர்களுக்கு மருந்து அந்த உணர்ச்சியைத் திருப்பிக் கொடுப்பதில்லை. காலில் ஆணி குத்தினாலும் தெரியாது. அந்தப் புண்தான் விடாமல் படுத்துவது. அப்படிப்பட்ட கிழவர்கள் நாலைந்து பேர் வாரம் இருமுறை வருவார்கள். பாதத்தை அரை மணி நேரம் வெறுந் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைச் சுரண்டி, எண்ணெய் தடவி, புண்ணைக் கட்டி, மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பின் வார் உறுத்துகிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பாள். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் வந்தாலும் இதே வேலைதான். பாதத்தைப் பார்க்கவேண்டுமானால் முக்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். முழங்கால் வலிக்கும்போது தரையிலேயே உட்கார்ந்துவிடுவாள். கிழவர் நாற்காலியில் இருப்பார். முதல் நாள் நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். ஒருநாள் கிழவர் ஒருவர், "ஐயா, தண்ணிச் செம்பை இப்படிக் கொஞ்சம் கொடுங்க" என்றார். கொடுத்தோம். கொடுப்பதற்கு முன் ஒரு நிமிஷம் தயங்கினோம் என்பதையும் எழுதிவிடுகிறோம். அவர் அதைக் கவனித்தார்.

தேவ நம்பிக்கை என்று அவள் பேசுவது அபூர்வம். நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். மாலை ஆறரைக்குமேல் மதிற்கதவைத் திறக்கக்கூடாது என்பது மடத்து விதி. ஐந்து பெண்கள் இருக்கும் இடத்தில் அது நியாயமான விதியே. ஒரு மழை இரவு பதினொரு மணிக்கு மணி அடித்தது. கட்டிட வேலைக்கு வடக்கேயிருந்து வந்திருந்த கூலிக்காரி ஒருத்தி. மடியில் வலிப்புக் கண்ட குழந்தை. அவளுக்குத் தமிழ் தெரியாது. நம் தங்கை கதவைத் திறந்துவிட்டாள். குழந்தையைக் குளிர்ந்த துணியால் துடைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆட்டோ பிடித்துச் செங்கற்பட்டு சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத் தானும் கூடப் போனாள். குழந்தை பிழைத்தது. மறுநாள் மடத்துத் தலைவி விதியை நினைவூட்டினார். தலைவி இவளைவிட இருபது வயது இளையவர். இவள் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டாள். பிறகு எழுந்து, "இன்னொரு தடவை அப்படி மணி அடித்தாலும் திறந்துவிடுவேன், மதர், இப்போதே சொல்லி வைக்கிறேன்" என்றாள். விதியில் ஒரு விலக்குச் சேர்த்தார்கள்.

"இருட்டில் யார் நிற்கிறார்களோ என்று பயமில்லையா?" என்று கேட்டோம்.

"பயந்தான். கை நடுங்கிற்று. திறந்தால் என்ன ஆகும் என்பது ஆண்டவர் பாடு, திறப்பது என் பாடு" என்றாள். ஆனால் மறுநாளே, மூன்று ஆட்டோக்காரர்களுடைய போன் நம்பரைக் கதவின் உட்புறம் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டாள். கடவுளை நம்பி அரிசி வாங்காமல் இருப்பவர்களின் கூட்டத்தில் அவள் சேர்ந்தவள் அல்லள்.

இனி, நமது வைராக்கியத்தின் கதை. அவளுக்குத் தெரியாமல், அவளுடைய சபையின் மேலிடத்துக்குப் பன்னிரண்டு பக்கம் ஒரு கடிதம் எழுதினோம். வருஷவாரியாகக் கணக்கு, கட்டிடத்துக்கு வந்த தொகை, செலவான தொகை, ரசீது நம்பர்கள், தணிக்கை அறிக்கை என்ன ஆயிற்று என்ற கேள்வி. நமது வாழ்நாளில் எழுதிய கடிதங்களிலெல்லாம் அதுவே உத்தமமானது என்று எண்ணினோம். பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு அன்று இரவு நன்றாகத் தூங்கினோம்.

ஒரு மாதம் கழித்து, அவள் நம் வீட்டுக்கு வந்தாள். கையில் அந்தக் கடிதம். மேலிடத்தில் அதை அவளுக்கே அனுப்பி, உன் சம்மதத்துடன் எழுதப்பட்டதா என்று கேட்டிருந்தார்கள். கோபிப்பாள் என்று பதில்களையெல்லாம் தயாராக வைத்துக்கொண்டோம். அவள் கோபிக்கவில்லை. நம்மைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"இதெல்லாம் உண்மை, அண்ணா. நீங்கள் கண்ணால் பார்த்த கணக்கு. இதில் ஓர் எழுத்தையும் மாற்றவேண்டாம்." பதினோராம் பக்கத்தில் விரலை வைத்தாள். "இந்த நாலு வரி?"

அந்த நாலு வரியும் அவளுக்குப் பின் பொறுப்பேற்ற சகோதரியைப் பற்றியவை. பதவிக்கு ஆசைப்பட்டு அவர்தான் வதந்தியைக் கிளப்பியிருக்கவேண்டும் என்று நாகரிகமான பாஷையில் எழுதியிருந்தோம்.

"இதற்கு ரசீது இருக்கிறதா, அண்ணா?"

நாம் வாய் திறக்கவில்லை.

"என்னைப்பற்றி யாரோ செய்ததை நீங்கள் அவளுக்குச் செய்துவிட்டீர்கள். எனக்காகச் செய்துவிட்டீர்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை" என்றாள். அன்றுதான், இந்த நான்கு வருஷத்தில் முதல் தடவையாக, அவள் கண்ணில் நீரைக் கண்டோம்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆதாரமில்லாத ஒரு வரியையும் பாஸ் செய்ததில்லை என்று மார்தட்டிக்கொண்டவர்கள் நாம். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவிலாப் பட்டணத்துத் தெரேசம்மாள் பணிவையும் உண்மையையும் வேறு வேறாகப் பிரித்துப் பார்க்கவில்லை என்று எப்போதோ பிரசங்கத்தில் கேட்டிருந்தோம். பிரசங்கம் செய்த சுவாமியார் அப்போது நம்மைப் பார்த்துச் சொன்னதாக நாம் நினைக்கவில்லை.

மறுநாள் காலையில் இரண்டாவது கடிதம் எழுதினோம். பதினோராம் பக்கத்து நான்கு வரிகளும் நமக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதியவை என்றும், அவற்றை வாபஸ் பெற்று அந்தச் சகோதரியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வதாகவும், மற்றவற்றில் மாறுதல் இல்லை என்றும் எழுதினோம். அரைப் பக்கந்தான். பன்னிரண்டு பக்கம் எழுத ஒரு வாரம் பிடித்தது. இந்த அரைப் பக்கம் எழுத மத்தியானம் ஆகிவிட்டது. அந்தச் சகோதரிக்கும் தனியே ஒரு கடிதம் போட்டோம். பதிலாக அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. நமது தங்கை தயாரித்த ஜாபிதாவை இன்றைக்கும் அலமாரியின் உட்கதவில் ஒட்டிவைத்திருப்பதாக எழுதியிருந்தார்.

தணிக்கை முடிந்தது. கணக்குச் சரி என்று மேலிடத்திலிருந்து ஒரே வாக்கியத்தில் தெரிவித்தார்கள். அவளைத் திருப்பி அழைப்பதைப்பற்றி அதில் ஒன்றும் இல்லை. நமக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு, ஒளிப்பானேன்? சொன்னவர்கள் நாலு ஊரில் சொன்னார்கள். சரி என்பது ஒரு காகிதத்தில் மட்டும் இருக்கிறது. இதை அவளிடமே போன ஞாயிற்றுக்கிழமை சொன்னோம். மடத்துத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, இருவருமாகக் காப்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வாசல் மணி அடித்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள்.